பதினேழு நிமிடம் நாற்பது வினாடி

நவம்பர். ஹெல்லவோகன் கப்பல் கட்டும் துறையில்
நாலு மணிக்கே இருட்டிவிட்டது.
'ஹவ்சூலா'வில் பெயிண்ட் வாசம் இன்னும் போகவில்லை.
இரண்டு உடல், நடுவே அடைத்த காற்று,
முன்னும் பின்னும் ரப்பர் பாவாடை.
விசிறி சுழன்றால் தண்ணீரை விட்டு எழும்பும்,
நாற்பத்தைந்து நாட் வேகத்தில்
ஃபியோர்டை இரண்டாகக் கிழிக்கும்.
இது கப்பலா விமானமா என்று
விதி எழுதியவர்களுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும்:
இருக்கைக்கு பெல்ட்டும் வைத்தார்கள்,
கூரையில் தெப்பமும் வைத்தார்கள்.

நான் அளக்க வந்தவள்.
அரசாங்கம் எனக்குத் தந்தது ஒரு ஸ்டாப்வாட்ச்,
ஓர் ஆரஞ்சுச் சட்டை,
கையெழுத்துப் போடாமல் இருக்கும் உரிமை.

கணக்கு சின்னது.
தீயைத் தாங்கும் சுவர் அறுபது நிமிடம் நிற்கும்.
அதில் ஏழைக் கழி:
ஏதோ கருகுதே என்று ஒருவர் மூக்கைச் சுளிக்க
காபி மெஷினாக இருக்கும் என்று இன்னொருவர் சொல்ல
மூன்றாமவர் அணைப்பானைத் தேடும் ஏழு நிமிடம்.
மிச்சத்தை மூன்றாக வெட்டு.
ஒரு பங்குதான் மனிதர்கள் இறங்க.
மற்ற இரண்டும் யாருக்கு என்று
பயிற்சிக் காலத்தில் கேட்டேன்.
தேநீர் இடைவேளை வந்துவிட்டது.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள்,
தேவாலயப் பாடகர்கள், மீன் ஆலையின் இரவு ஷிஃப்ட்,
கைப்பந்துப் பெண்கள்,
ஆளுக்கு இருநூறு குரோனர், சூடாக ஒரு சாசேஜ்.
இடப்பக்கக் கதவுகள் எரிகின்றன என்று
கேப்டன் காதில் மட்டும் சொன்னேன்.
விளக்கை அணைத்தேன்.

முதலில் சிரிப்பு. சிரிப்பு நல்லதில்லை,
அது நாற்பது வினாடி தின்னும்.
பிறகு தரையின் பச்சைக் கோடு கண்ணுக்குப் பிடிபட
பாடகர்கள் தணிந்த குரல்காரர்களை முன்னே விட்டு
ஒழுங்காக நகர்ந்தார்கள்.
சறுக்குப் பை புஸ்ஸென்று விரிந்தது.
கைப்பந்துப் பெண்கள் கூவிக்கொண்டே சறுக்கினார்கள்.
பதினாறு நிமிடம். பதினேழு.
முந்நூற்றுப் பதினொன்று.

முந்நூற்றுப் பதினொன்று.

டார்ச்சோடு ஓடிய மாலுமிப் பையன்
கடைசி வரிசையில் கண்டுபிடித்தான்:
இங்கெப்ரிக்ட் ரோம்மெதால்,
மீன் ஆலையில் முப்பது வருடம் பனிக்கட்டி உடைத்தவர்,
காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்து
நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.
பதினேழு நிமிடம் ஐம்பத்திரண்டு.

பன்னிரண்டே வினாடி, என்றார் அவ்டுன் ஷெல்டெ,
துறையின் முதலாளி, தொப்பியைக் கசக்கியபடி.
செவிடர், அதிலும் தூக்கம்.
அவரைக் கணக்கில் சேர்ப்பது நியாயமா?
வங்கிக்காரர் வெள்ளிக்கிழமை வருகிறார்.
அவர் கண் சிவந்திருந்தது. நடிப்பில்லை.
நூற்றெழுபது குடும்பம் அந்தத் துறையில் உலை வைக்கிறது,
அதுவும் எனக்குத் தெரியும்.
பேனாவை மூடினேன்.
அன்றிரவு விடுதியில் சூப் கொண்டுவந்த பெண்
கிண்ணத்தைக் கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.

ஜனவரியில் மறுபடி.
ஒவ்வொரு இருக்கையின் தலைமாட்டிலும்
மின்னும் சிவப்புப் பொட்டு விளக்கு, புதிதாக.
பின் வரிசையிலிருந்து முதுகைத் தட்டிக்கொண்டே வர
ஓர் ஆள், அதுவும் புதிதாக.
அதே பாடகர்கள். வேறு சாசேஜ்.
ஏறும் வழியில் இங்கெப்ரிக்ட் நின்றார்,
என்னைப் பார்த்தபடியே கருவியைக் கழற்றினார்.
எதற்கு என்று கையால் கேட்டேன்.
"இப்படி ஒருத்தன் உனக்கு வேணுமே"
என்றார், தேவைக்கு மேல் சத்தமாக.

பதினைந்து நிமிடம் நாற்பத்தெட்டு.
தூங்கினாரா, கண்ணை மூடி நடித்தாரா, தெரியாது.
சறுக்குப் பையில் வரும்போது
ஒரு கையால் தொப்பியை அமுக்கியிருந்தார்.

சான்றிதழில் கையெழுத்திட்டேன்.
குறிப்புப் பகுதியில் அவர் பெயரை எழுதினேன்.
பெயர்கள் கூடாது என்பது விதி.
அடித்துவிட்டு
'பயணி, ஒருவர்' என்று திருத்தினேன்.